பழைய வெள்ளி ரூபாயில் கறுப்புப் புள்ளி: தேய்க்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "பாட்டியின் டிரங்குப் பெட்டியில் விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் நான்கு கிடைத்தன, எல்லாமே 1862. அங்கங்கே கறுப்புப் புள்ளி, ஒன்றில் ராணி கழுத்துக்குக் குறுக்கே கோடு மாதிரி கறுப்பு. புளி போட்டுத் தேய்ப்பதா, விபூதியா?"

இரண்டுமே வேண்டாங்க. குங்குமச்சிமிழ், விளக்கு எல்லாம் விபூதி போட்டுத் தேய்க்கிற பழக்கத்தில் கை தானாகக் காசுக்கும் போய்விடும். ஆனால் சிமிழ் பளபளத்தால் போதும், காசு அப்படியில்லை. வெள்ளி மெத்தென்ற உலோகம், எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் கீறல் விழும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் தலைமுடி தலைமுடியாகத் தெரியும். நானே பள்ளிக்கூட வயதில் 1840-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்றைப் பற்பசை போட்டு அரை மணி நேரம் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். பிற்பாடு ஒரு வியாபாரியிடம் கொண்டுபோனால், மனிதர் விளக்குக்குக் கீழே ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார், "கழுவிட்டீங்களா தம்பி" என்று கேட்டார், அவ்வளவுதான், வெள்ளி எடைக்கு மேல் ஒரு பைசா ஏறவில்லை.

அந்தக் கறுப்பு அழுக்கு கிடையாது. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து உண்டான படலம். உங்கள் காசில் ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி, மீதி செம்பு. காற்றில் இருக்கிற கந்தக வாயு பட்டாலே மெல்லக் கறுக்கும், செய்தித்தாளில் சுற்றி வைத்தாலும் கம்பளித் துணியில் முடிந்து வைத்தாலும் இன்னும் சீக்கிரம். அந்தக் கோடு இருக்கிறதே, யாரோ ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், ரப்பரில் கந்தகம் உண்டு, அது உட்கார்ந்த இடம் அப்படியே பதிந்துவிடும். காசு முழுக்கச் சீராகப் படிந்த கருமை என்றால் சேகரிப்பவர்கள் அதை விரும்பித்தான் வாங்குகிறார்கள், தொடவே தொடாதீர்கள்.

அப்புறம், பூஜையில் வைத்த காசு என்றால் புள்ளியில் பாதி எண்ணெயும் குங்குமமுமாக இருக்கும். அதற்கு அசிட்டோன் போதும். நகப்பூச்சு அழிக்கிற திரவம் இல்லை, அதில் வாசனையும் வேறு சரக்கும் கலந்திருக்கும், சுத்தமான அசிட்டோன் வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்க ஊற்றி, மூடி, அரை மணி நேரம் விடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. எடுத்து வேறு அசிட்டோனில் ஒரு முக்கு முக்கி அப்படியே காய விடுங்கள். துடைக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும், வெள்ளியின் படலத்தை அது ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக் உறையில் கிடந்து பச்சையாகப் பிசுபிசுக்கிற காசுக்கும் இதேதான்.

அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் வைத்தியம் கேட்பீர்கள். வேலை செய்யும், கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி வெளுக்கும். ஆனால் காசு செத்த மாதிரி வெளிறிப்போகும், பழைய புள்ளிக்குக் கீழே அரித்திருந்தால் அந்தக் குழி பளிச்சென்று தெரியும். கம்பி வளையம் வைத்துப் பற்றவைத்த, மாலையில் கோத்த காசு என்றால் செய்து பாருங்கள், போனால் போகிறது.

உங்கள் 1862-இல் இன்னொரு விஷயம். ஆண்டை மாற்றாமல் 1874 வரைக்கும் அதே 1862-ஐப் போட்டே அடித்தார்கள், பம்பாயில் அடித்ததில் பின்பக்கம் ஆண்டுக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டிப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். எத்தனை புள்ளி, எங்கே என்பதைப் பொறுத்து விலையே மாறும். கறுப்புப் புள்ளி என்று நகத்தால் சுரண்டி அதைத் தேய்த்துவிடாதீர்கள். விளிம்பைப் பிடித்து, பின்பக்கத்தை வெயில் சாய்வாக விழுகிற இடத்தில் நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்புங்கள், எண்ணிப் பார்ப்போம்.