தீயைக் கூட்டினால் சோறு சீக்கிரம் வேகுமா?

தஞ்சாவூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "உலை கொதித்து அரிசி போட்ட பிறகும் என் மாமியார் தீயைக் குறைக்க விடமாட்டார். பெரிய தீயில்தான் சீக்கிரம் வேகுமாம். நான் சிம்மில் வைத்துப் பார்த்தேன், அதே நேரம்தான் ஆகிறது. ஏன்?" மூன்று நாளாக இந்தக் கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை.

நீங்கள் பார்த்தது சரிதான், அம்மா. அரிசி போட்டதும் கொதி அடங்கும். மறுபடி கொதி வரும்வரை பெரிய தீ வேண்டும். அந்த அளவில் மாமியார் சொல்வதும் சரி. அதற்குப் பிறகு தேவையில்லை. தளதளவென்று கொதித்தாலும் 100 டிகிரி, மெல்லக் குமிழ் விட்டாலும் 100 டிகிரி. அரிசி வேகிற சூடு அதுதான். குக்கரில் அழுத்தம் கூடுவதால் 120 டிகிரி பக்கம் போகும். விசில் வந்த பிறகு அங்கேயும் இதே கதை.

சரி, கூட்டிய தீ எங்கே போகிறது? இதை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் நான் காத்திருந்தேன். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. மண்பானைத் தண்ணீர் பற்றிப் பேசியபோதும் இதையேதான் சொன்னேன், இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். கொதிக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். அவ்வளவையும் விழுங்கிய பிறகும் வெப்பமானி 100-ஐ விட்டு நகராது. உங்கள் பெரிய தீ அந்த ஆவியோடு கூரைக்குப் போய்விடுகிறது.

கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் 1760-களில் இதைப் பனிக்கட்டியில் கண்டார். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் சில்லென்ற தண்ணீர், மற்றதில் அதே அளவு பனிக்கட்டி. இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்தார். தண்ணீர் 40 பாரன்ஹீட்டுக்கு (நம் கணக்கில் 4 டிகிரி பக்கம்) வர அரை மணி நேரம் ஆனது. பனிக்கட்டி உருகி அதே சூட்டுக்கு வரப் பத்தரை மணி நேரம்! வெப்பமானியின் கண்ணில் படாமல் உள்ளே போன அந்த வெப்பத்தைத்தான் பாடப்புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோம்.

உள்ளே போனது வெளியே வந்தாக வேண்டும், இல்லையா? என் அம்மா இட்லிச் சட்டியைத் திறக்கும்போது மூடியின் முன்பக்கம் தன்னை நோக்கித் தாழ்ந்திருக்கும், பின்பக்கம்தான் முதலில் உயரும். ஆவி சுவர்ப் பக்கம் போய்விடும். நான் பத்து வயதில் அவசரப்பட்டு நேராகத் தூக்கினேன், மணிக்கட்டில் கொப்புளம். ஏன் அவ்வளவு? ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு உடல் சூட்டுக்கு ஆறினால் 63 கலோரி தரும். ஒரு கிராம் ஆவி முதலில் தண்ணீராகும்போதே 540 கலோரியைக் கொட்டிவிட்டு, அதன் பிறகு அந்த 63-ஐயும் தரும்.

என் கையைச் சுட்ட அதே 540தான் மாவையும் வேக வைக்கிறது. குளிர்ந்த மாவில் பட்ட இடத்தில் ஆவி தண்ணீராக மாறி, சுமந்து வந்த வெப்பத்தை இறக்கி வைக்கிறது. நாளை காலை இட்லி எடுக்கும்போது தட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், சகோதரி. சொட்டுச் சொட்டாக நிற்கும் தண்ணீர், வெப்பத்தைக் கொடுத்துவிட்ட ஆவிதான். மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.