ஒரே புனிதருக்கு ஏன் இரண்டு தேதி? மே மாதப் பக்கத்தைத் திறங்கள்

[திரை: பழைய பூசைப் புத்தகமும் புது நாள்காட்டியும் அருகருகே]

பாட்டி காலத்துப் பூசைப் புத்தகத்தில் புனித தோமையார் திருநாள் டிசம்பர் 21. கோவில் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் ஜூலை 3. இரண்டும் அச்சுப்பிழை இல்லை.

1969 பிப்ரவரி 14 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணைப்படி, 1970 ஜனவரி 1 முதல் கத்தோலிக்கத் திருச்சபையில் பெரும்பாலோர் பின்பற்றும் இலத்தீன் வழிபாட்டு முறையின் பொது நாள்காட்டி மாறியது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தையும், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் டிசம்பர் 17 முதல் 24 வரையுள்ள நாள்களையும் புனிதர் விழாக்கள் மறைத்துவிடக் கூடாது என்பது அந்த மாற்றத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. அங்கே இருந்தவர்கள் பலர் இடம்பெயர்ந்தார்கள். சூசையப்பரின் மார்ச் 19, மாதாவுக்கு வானதூதர் செய்தி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாளின் மார்ச் 25 போன்றவை அசையவில்லை.

எங்கே மாற்றுவது? புனிதரின் இறந்த நாள்தான் வழக்கமாக அவர் விழா. அது தவக்காலத்தில் விழுந்தால் வேறொரு நாளைத் தேட வேண்டும். தாமஸ் அக்குவினாஸ் இறந்தது 1274 மார்ச் 7. அவருக்கு இப்போது ஜனவரி 28. 1369-இல் அவர் உடல் எச்சங்கள் துலூஸ் நகருக்கு வந்து சேர்ந்த நாள் அது. பெரிய கிரகோரியார் மார்ச் 12-இலிருந்து, 590-இல் உரோமை ஆயராகத் திருநிலை பெற்ற செப்டம்பர் 3-க்குப் போனார். தோமையாருக்குக் கிடைத்தது, அவர் எச்சங்கள் எடெசா நகருக்குப் போன நாளாகச் சிரியத் திருச்சபை கொண்டாடிவந்த ஜூலை 3. கேரளத்துச் சிரிய மரபினருக்கு அது புதுத் தேதியே அல்ல. இலத்தீன்காரர்கள்தான் அவர்கள் வழிக்கு வந்தார்கள். பொது நாள்காட்டியில் அது ‘விழா’, இந்தியாவில் அதைவிட உயர்ந்த படிநிலையான ‘பெருவிழா’.

ஒரு வேடிக்கை: தோமையார் காலிசெய்த அதே டிசம்பர் 21-இல் பீட்டர் கனிசியுஸ் வந்து உட்கார்ந்தார், அவர் இறந்த நாள் என்பதால். ஆனால் அந்த வாரத்தில் அவரை மன்றாட்டில் நினைவுகூரலாமே தவிர, அவருக்கென்று முழுத் திருப்பலி கிடையாது.

[திரை: மே மாதப் பக்கம், பெரிதாக]

உங்கள் கையில் இருப்பது எந்தக் காலத்துப் புத்தகம்? முதல் பக்கம் கிழிந்திருந்தாலும் கவலை வேண்டாம். பிலிப்பு, யாக்கோபு என்ற இரு திருத்தூதரைத் தேடுங்கள். மே 1-இல் இருந்தால் அது 1955-க்கு முந்தைய நாள்காட்டி. அந்த ஆண்டு மே 1 ‘தொழிலாளரான சூசையப்பர்’ விழாவாக அறிவிக்கப்பட்டது. திருத்தூதர்கள் மே 11-க்குத் தள்ளப்பட்டார்கள். மே 11 என்று இருந்தால், அடுத்து மே 3-ஐப் பாருங்கள். ‘திருச்சிலுவை கண்டெடுத்த திருநாள்’ அங்கே இருந்தால் 1960-க்கு முந்தையது; இல்லையென்றால் 1960 திருத்தம் சேர்ந்தது. அப்படிக் காலியான மே 3-க்குத்தான் 1969-இல் இருவரும் வந்தார்கள். மே 1-க்கு முடிந்தவரை அருகில் ஓரிடம். மே 2 ஏற்கெனவே அத்தனாசியாருடையது.

பழைய முறை இலத்தீன் பூசைக்குப் போகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். அங்கே பொதுவாகப் பயன்படுவது 1962 பூசைப் புத்தகம். கையில் 1940-களின் பிரதியை வைத்துக்கொண்டு பக்கம் தேடினால் பல நாள்கள் பொருந்தாது.

இன்னொரு பொறி, திருத்தூதர் மத்தியா. பழைய தேதி பிப்ரவரி 24. லீப் ஆண்டில் மட்டும் 25. உரோமைக் கணக்கில் கூடுதல் நாளை மாத இறுதியில் சேர்க்காமல், 23-ஐ அடுத்துச் செருகினார்கள்; அதனால் விழா ஒரு நாள் நகரும். புதிய தேதி மே 14, எந்த ஆண்டானாலும் அதுவே. யூதாசின் இடத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது ஆண்டவர் விண்ணேறிய பிறகு என்பதால் இந்தப் பருவம் அவருக்குப் பொருத்தமும்கூட.

[திரை: ஜூலை 25]

‘கிறிஸ்தோபரைப் புனிதர் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள்’ என்று சொல்வார்கள். அது தவறு. பொது நாள்காட்டியில் மட்டும் அவர் இல்லை. திருச்சபையின் அதிகாரபூர்வப் புனிதர் பட்டியலான மறைசாட்சியர் பட்டியலில் ஜூலை 25-இல் இன்றும் இருக்கிறார், தலத்திருச்சபைகள் அவரைக் கொண்டாடலாம். அதே 1969-இல் விடுபட்ட அலெக்சாந்திரியா கத்தரீனம்மாள் 2002 பூசைப் புத்தகத்தில் நவம்பர் 25-க்கே விருப்ப நினைவாக (கட்டாயமில்லாத நினைவு நாளாக)த் திரும்பிவிட்டார்.

மாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாளும் ஜூலை 2-இலிருந்து மே 31-க்கு மாறியது. ஆனால் இலங்கையின் மடு மாதா திருத்தலத்தில் ஆடித் திருவிழா இன்றும் ஜூலை 2-இல்தான்.