சட்டியும் சாக்குப்பையும்

(நாச்சியார்கோவில் பக்கம் ஒரு நூலக ஆண்டு விழாவில் பேசியது)

தலைவர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஏழாம் வகுப்பில் எனக்கு வரலாறு எடுத்து, இன்றும் முன்வரிசையில் உட்கார்ந்து என் தப்பை எண்ணிக்கொண்டிருக்கும் ஐயா அவர்களே, பந்தலுக்கும் பொங்கலுக்கும் செலவு செய்த ரைஸ்மில் அண்ணன் அவர்களே (அண்ணனுக்கு ஒரு கைதட்டல்), மைக்செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

மண்ணுக்குள்ளிருந்து வரும் பழைய சமையல் பாத்திரங்கள் பற்றி மூன்று விஷயம் சொல்கிறேன். என்ன கிடைக்கிறது, எப்படி வார்த்தார்கள், கடைசியில் எங்கே போகிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார் எங்கள் அப்பா. நான் சட்டியைப் பற்றியே பேச வந்தவன்.

தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டைப் படித்தால் பாத்திரக்கடைக் கணக்கு மாதிரி இருக்கும். தளிகை, மண்டை, கெண்டி, ஒட்டுவட்டில் என்று சாமிக்குக் கொடுத்த ஒவ்வொன்றுக்கும் 'ஆடவல்லான்' எடைக்கல்லால் நிறை போட்டிருக்கிறார்கள். விமானத்தின் உச்சிக்கு ராஜராஜன் 1010-ல் கொடுத்த செப்புக்குடம் மட்டும் 3,083 பலம் (பலம் என்பது அந்தக் கால எடை அளவு). இப்படி நிறுத்து எழுதிய நாட்டில், சாதாரண அண்டாவும் வெண்கலப் பானையும் ஏன் அபூர்வமாகவே கிடைக்கின்றன? மண்சட்டி உடைந்தால் ஓடு அப்படியே கிடக்கும், தோண்டினால் கூடை கூடையாக வரும். செம்பும் வெண்கலமும் ஓட்டை விழுந்தால் உலைக்குப் போய்ப் புதுப் பாத்திரமாகிவிடும். 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவினாரே, அவருக்குச் சோழர் காலத்திலும் ஒரு பாட்டன் இருந்திருப்பான். புதைந்து, திரும்ப எடுக்க ஆளில்லாமல் போனதுதான் நமக்கு மிச்சம். 2023-ல் சீர்காழி சட்டைநாதர் கோவிலில் யாகசாலைக்கு மண் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளும் தேவாரச் செப்பேடுகளும் வெளியே வந்ததே, அந்த மாதிரி.

எங்கள் மாமா வீட்டுக் கதை சொல்லாமல் விட மாட்டேன். மாட்டுக்கொட்டகைக்குக் கால் நடத் தோண்டும்போது டங்கென்று சத்தம். பார்த்தால் ஒரு உருளி, கவிழ்ந்த வாக்கில், மேலெல்லாம் பச்சைக் களிம்பு, அடியில் அப்பிய கரி. ஊரே கூடிவிட்டது. தங்கம் என்கிறார் ஒருத்தர், பூதம் காக்கும் என்கிறார் இன்னொருத்தர். மாமா விஏஓவைக் கூப்பிட சைக்கிளில் போனார். இங்கே அத்தைக்கு ஒரே கவலை: "ஆபீசர் வர்ற நேரத்துல இவ்வளவு அழுக்காவா வைக்கிறது?" புளி, செங்கல்பொடி, தேங்காய் நார், இரண்டு மணி நேரம். விஏஓ வந்தபோது உருளி கல்யாணச் சீர் மாதிரி மின்னுகிறது. "புதையல் எங்கே?" "இதோ." "ஏன் சார், இது கும்பகோணத்துல வாங்கினது. பில்லைக் காட்டுங்க." மாமா சத்தியம் செய்கிறார், அத்தை காப்பி கொடுக்கிறார், அவர் குடித்துவிட்டுப் போயே போய்விட்டார். அப்புறம் அந்த உருளியில்தான் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் பாயசம். நானும் சாப்பிட்டிருக்கிறேன், நல்ல பாயசம்.

ஆனால் அத்தை தேய்த்தது அழுக்கை இல்லை. அந்தக் கரியை வைத்துக் காலம் கணிக்கலாம். சட்டியில் இருந்ததை அகப்பைக்கு வரும் முன்பே கழுவி ஊற்றியாயிற்று. 1878-ம் வருடப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணில் கிடைத்தாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசு எடுத்துக்கொண்டால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அத்தையிடம் சொன்னேன். "இதைப் பாயசத்துக்கு முந்தியே சொல்லக்கூடாதா?" என்றார்.

சரி, வார்ப்பு. குத்துவிளக்கு வார்க்கிறவர்கள் முன்னால் நான் என்ன சொல்ல, வார்ப்பு அச்சுக்குப் பூசும் காவிரி வண்டலின் குணம் உங்கள் கைக்குத் தெரியும். நேரமும் ஆகிவிட்டது.

குழியிலிருந்து சிலை வந்தால் மாலை, கற்பூரம், போட்டோ. கூட வரும் பாத்திரத்துக்குச் சாக்குப்பை. திருவெண்காட்டு ரிஷபவாகனர் வெண்கலச் சிலைக்குத் தஞ்சைக் கலைக்கூடத்தில் இடம் இருக்கிறது, சந்தோஷம். உருளிக்கு? இந்த நூலகத்தின் பின்னறை சும்மாதான் கிடக்கிறது. நம் வட்டாரத்தில் கிடைக்கும் பாத்திரங்களைத் தொல்லியல் துறை அனுமதியோடு இங்கேயே வைக்கலாம் என்று மனு எழுதியிருக்கிறோம். கண்ணாடி அலமாரி தருவதாக ரைஸ்மில் அண்ணன் பொங்கல் சாப்பிடும்போது சொன்னார், எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்து நோட்டு வாசல் ஸ்டூலில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம், ரொம்ப இழுக்காதீர்கள்.