கோபியோட 81: ஹைலைட்ஸ் வேணாம், பாக்ஸ் ஸ்கோர் பாப்போம்

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஒரே ஒரு மேட்ச்தான். 2006 ஜனவரி 22, என்பிஏங்கற அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்ல, லாஸ் ஏஞ்சலஸ்ல லேக்கர்ஸும் டொராண்டோ ராப்டர்ஸும் ஆடுனது, லேக்கர்ஸோட கோபி பிரையன்ட் 81 பாயின்ட் அடிச்சாரே, அதேதான். ஹைலைட்ஸ் எல்லாரும் பாத்திருப்பீங்க, அதை நான் மறுபடி போடப் போறதில்ல, ஸ்கிரீன்ல பாக்ஸ் ஸ்கோர், அதாவது யாரு எத்தனை அடிச்சாங்கன்னு சொல்ற இந்த ஸ்டாட்ஸ் டேபிள் மட்டும்தான் இருக்கும், நம்பர்னாலே அலர்ஜிங்கறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம், ஆனா எனக்கு என்னமோ வீடியோ பாக்கறதை விட இதைப் படிக்கிறப்பதான் புல்லரிக்குது.

சரி, முதல்ல டீம் ஸ்கோர். ஹாஃப் டைம்ல டொராண்டோ 63, லேக்கர்ஸ் 49. ஆமா, லேக்கர்ஸ்தான் பின்னாடி. மேட்ச்சுக்கு நாலு குவார்ட்டர், அதுல மூணாவது குவார்ட்டர்ல அந்த கேப் 18 வரைக்கும் போச்சு. கடைசில 122க்கு 104ன்னு லேக்கர்ஸ் ஜெயிச்சாங்க. அதாவது 18 பின்னாடி இருந்தவன் 18 முன்னாடி வந்து முடிச்சிருக்கான், 36 பாயின்ட் திருப்பம், அதுவும் ஒரு ஹாஃப் முடியறதுக்குள்ள.

இப்போ சின்னதா ஒரு கழித்தல் கணக்கு போடுங்க. செகண்ட் ஹாஃப்ல டொராண்டோ எடுத்தது 104ல 63 போக 41. கோபி முதல் ஹாஃப்ல 26, மூணாவது குவார்ட்டர்ல 27, நாலாவதுல 28, ஆக செகண்ட் ஹாஃப்ல மட்டும் 55. ஒரு முழு டீம் 41, ஒத்த ஆளு 55. அதே மாதிரி 122ல 81 போச்சுன்னா மிச்ச லேக்கர்ஸ் எல்லாரும் சேர்ந்து, மொத்த மேட்ச்லயும், அதுவும் 41தான். இது எந்த ஹைலைட் வீடியோலயும் வராது பாஸ்.

மிச்ச பேரு யாருன்னு பாத்தா ஸ்மஷ் பார்க்கர் 13, கிறிஸ் மிம் 12, அவ்ளோதான், டபுள் டிஜிட் தொட்டவங்க இவங்க ரெண்டே பேரு. லமார் ஓடம் 8 பாயின்ட், 10 ரீபவுண்ட் (மிஸ்ஸான ஷாட்டை புடிக்கிறது). எதிர்ல டொராண்டோ பக்கம் மைக் ஜேம்ஸ் 26, கிறிஸ் பாஷ் 25, நல்லா பிரிச்சு பிரிச்சு ஆடியிருக்காங்க, தோத்துட்டாங்க.

இப்ப டேபிள்ல நம்ம மெயின் வரிக்கு வருவோம், கோபியோட வரி. 42 நிமிஷம். ஃபீல்ட் கோல், அதாவது ஆட்டத்துல எடுத்த ஷாட், 46க்கு 28 உள்ள, அதுல தூரக் கோட்டுக்கு வெளிய இருந்து போடற த்ரீ பாயின்ட்டர் 13க்கு 7, ஃபௌலுக்கு கிடைக்கற ஒரு பாயின்ட் ஃப்ரீ த்ரோ 20க்கு 18. 6 ரீபவுண்ட், 3 ஸ்டீல் (பாலைப் பறிக்கிறது), 1 பிளாக் (எதிராளி ஷாட்டைத் தடுக்கறது), அப்புறம் 2 அசிஸ்ட் (கூடைல முடியற பாஸ்). இந்த 46ஐயும் 2ஐயும் புடிச்சுக்கிட்டுதான் இத்தனை வருஷமா சண்டை. பாலை யாருக்கும் தர மாட்டான், 46 ஷாட் எடுத்தா யாரு வேணா அடிக்கலாம்னு ஒரு குரூப் சொல்லிட்டே இருக்கும்ல, அவங்களுக்குத்தான் இந்த வீடியோ.

யாரு வேணா அடிக்கலாமா? சரி, இன்னொரு மேட்ச் எடுப்போம், வேற யாரோடதும் வேணாம், அதே கோபியோடது. 2016 ஏப்ரல் 13, அவரோட கடைசி மேட்ச், யூட்டா ஜாஸ் கூட. 60 பாயின்ட். எத்தனை ஷாட்ல? 50. உள்ள போனது 22, த்ரீல 21க்கு 6. ஷாட்டு நாலு கூட, பாயின்ட்டு 21 கம்மி. நானும் அன்னைக்கு கத்துனவன்தான், 101க்கு 96ன்னு ஜெயிச்சப்போ யாரு இதையெல்லாம் பாத்தா, ஆனா ஸ்டாட்ஸ் ஷீட்டுக்கு சென்டிமென்ட் கிடையாது.

இந்த ரெண்டையும் நேரா ஒப்பிடறதுக்குத்தான் ட்ரூ ஷூட்டிங்னு ஒரு கணக்கு இருக்கு. எடுத்த ஷாட்டோட, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44ஆல பெருக்கிக் கூட்டு, வந்ததை ரெண்டால பெருக்கு, அதை வெச்சு பாயின்ட்டை வகு, முடிஞ்சுது. அது என்ன 0.44ன்னு கேப்பீங்க. ரெண்டு ரெண்டா ஃப்ரீ த்ரோ வந்தா ஒரு த்ரோ பாதி ஷாட்டுக்கு சமம்னு 0.5 போட்டுடலாம், ஆனா ஷாட்டும் உள்ள போய் ஃபௌலும் கிடைச்சா ஒரு த்ரோ எக்ஸ்ட்ரா வருது, டெக்னிக்கல் ஃபௌலுக்கு (ரெஃப்ரிகிட்ட கத்தறது மாதிரி தப்புக்கு) ஒண்ணு சும்மா வருது, த்ரீ அடிக்கும்போது ஃபௌல் பண்ணா மூணு வருது, இதெல்லாம் சேர்ந்து சராசரியா 0.44 கிட்ட நிக்குது. இப்ப போடுங்க. 81 பாயின்ட் மேட்ச்ல 73.9 சதவீதம். 60 பாயின்ட் மேட்ச்ல 54.3. அந்த 2006 சீசன்ல லீக் ஆவரேஜே 53, 54 பக்கம்தான். அதாவது ரெண்டாவது ஒரு சாதாரண ஷூட்டிங் நைட், ஷாட் எண்ணிக்கை மட்டும் ஜாஸ்தி. முதல்ல சொன்னது வேற லெவல். டீம்ல பாதிக்கு மேல ஷாட்டை தூக்கிட்டு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் டிஃபென்ஸ் முழுக்க தன் மேல இருக்கும்போது 74 கிட்ட வெச்சிருக்கார்னா, அன்னைக்கு பாலை வேற யாருகிட்ட கொடுத்திருந்தாலும் லேக்கர்ஸுக்கு நஷ்டம்தான், அதுதான் என் கருத்து.

அந்த 2 அசிஸ்ட்டு இருக்கட்டும், அதை நான் மறைக்கல. ஆனா அசிஸ்ட்ங்கறது நீங்க பாஸ் கொடுத்தா மட்டும் வராது, வாங்குனவன் கூடைக்குள்ள போடணும். செகண்ட் ஹாஃப்ல மிச்ச லேக்கர்ஸ் எல்லாரும் சேர்ந்து எடுத்தது 18. அப்புறம் எங்கேர்ந்து அசிஸ்ட் வரும்?

81ன்னு சொன்னா உடனே, ஒரே மேட்ச்ல வில்ட் சேம்பர்லைன் 100 அடிச்சாரேன்னு ஒருத்தர் கை தூக்குவார், வாங்க சார். 1962 மார்ச் 2, பென்சில்வேனியால ஹெர்ஷின்னு ஒரு ஊரு, ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் 169, நியூயார்க் நிக்ஸ் 147. வில்ட் 63க்கு 36, 25 ரீபவுண்ட். ட்ரூ ஷூட்டிங் போட்டா 64.9 வருது, த்ரீ பாயின்ட் லைனே அப்ப என்பிஏல கிடையாது, 1979ல தான் வந்துச்சு, அதையும் மனசுல வெச்சுக்கோங்க. ஆனா வில்ட்டோட அந்த ஸ்டாட்ஸ் வரில என்னை நிறுத்துனது 100 இல்லீங்க, ஃப்ரீ த்ரோ. 32க்கு 28! வில்ட் வாழ்க்கை முழுக்க ஃப்ரீ த்ரோல 51 சதவீதம், ரெண்டு போட்டா ஒண்ணு வெளிய, அப்படிப்பட்ட ஆளு அன்னைக்கு கீழ இருந்து ரெண்டு கையால தூக்கிப் போட்டு 28 அடிச்சிருக்கார். மத்த ஃப்ரீ த்ரோ நாள் மாதிரி 16 போயிருந்தா 88ல நின்னிருக்கும், நாம வேற நம்பர் பேசிட்டிருப்போம்.

இதுல இன்னொரு விஷயம், அந்த மேட்ச்சுக்கு வீடியோவே கிடையாது. வில்ட் கைல 100ன்னு எழுதுன பேப்பர் பிடிச்சிருக்கற ஃபோட்டோ பாத்திருப்பீங்க, அதை எழுதிக் கொடுத்ததே அந்த டீமோட ஸ்டாட்ஸ் ஆளு ஹார்வி பொல்லாக்தான். ஆனா பிளாக் எத்தனைன்னு கேட்டா அஃபீஷியலா பதிலே கிடையாது, ஸ்டீலும் பிளாக்கும் என்பிஏ கணக்கு வைக்க ஆரம்பிச்சதே 1973-74 சீசன்லதான். ஏழடி மனுஷன், 48 நிமிஷமும் வெளிய வராம ஆடியிருக்கார், பிளாக்குக்கான கட்டம் காலியாவே கிடக்கு. எனக்கு இது ரொம்ப கடுப்பான விஷயம்.

அடுத்த வீடியோல இதுக்கு நேர் எதிரா ஒரு ஷீட் எடுப்போம், 2018 வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் ஃபைனல்ஸ் ஏழாவது மேட்ச், ஹூஸ்டன் ராக்கெட்ஸ் த்ரீல 44க்கு 7, அதுல வரிசையா 27 மிஸ். ஹூஸ்டன் ஃபேன்ஸ் மட்டும் அந்த வாரம் லீவு எடுத்துக்கோங்க. வரட்டா.