நின்று நின்று ஓடும் கம்ப்ரஸர்

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கார் ஏசி பட்டறை வைத்திருக்கிறேன். மழைக்காலம் வந்துவிட்டால் அங்கே ஒரு புகார் தவறாமல் வரும். "அண்ணே, கம்ப்ரஸர் நின்னு நின்னு ஓடுது. கேஸ் கம்மி போல, ஏத்தி விடுங்க." சிலிண்டரைத் தொடுவதற்கு முன்னால் நான் பானட்டைத் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பேன்.

ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடுவதுதான் கம்ப்ரஸர். ஏசியைப் போட்டு என்ஜின் ஓடும்போது அதன் முகப்பைக் கவனியுங்கள். துண்டு, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் போகாமல் தள்ளி நின்று பாருங்கள். பெல்ட் மாட்டிய புல்லி ஓயாமல் சுற்றும். அதன் நடுவிலுள்ள வட்டத் தட்டு மட்டும் கொஞ்ச நேரம் சுற்றும், கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். உள்ளே ஒரு மின்காந்தச் சுருள் இருக்கிறது. அதற்குக் கரண்ட் போனால் தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்ட வைக்கும். அப்போது கேட்பதுதான் அந்த 'டக்'. தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர்தான்.

சரி, ஏன் நிற்க வேண்டும்? டேஷ்போர்டுக்குள்ளே கூலிங் காயில் இருக்கிறது. அதன் வழியாகத்தான் காற்று உங்கள் முகத்துக்கு வருகிறது. நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் காயிலில் படிந்து, குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. காயில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் அதே ஈரம் பனிக்கட்டியாகிக் காயிலை அடைத்துவிடும். காற்றே வராது. அதனால் குளிர் பூஜ்யத்தை நெருங்கும்போதே சென்சார் கம்ப்ரஸரை நிறுத்துகிறது. சில டிகிரி ஏறியதும் மறுபடி 'டக்'. நிற்கிற அந்த நேரமும் ஏசி பார்க்கிற வேலைதான்.

கத்திரி வெயிலில், உச்சி வேளையில், 5 பேர் உட்கார்ந்திருந்தால் காயில் அவ்வளவு குளிரவே வாய்ப்பில்லை. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். அதே வண்டி மார்கழி ராத்திரியில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை நின்று ஓடும். இரண்டும் சரிதான். ஆனால் மூன்று நான்கு செகண்டுக்கு ஒரு தடவை 'டக் டக்' என்று விழுந்து, குளிரும் இல்லையென்றால், பெரும்பாலும் கேஸ் குறைந்திருக்கும். அழுத்தம் குறைந்தால் கம்ப்ரஸரை நிறுத்துகிற பிரஷர் சுவிட்ச்தான் கட் பண்ணுகிறது. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போகிற பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. வண்டியின் முன்பக்கம் இருந்து கேஸின் சூட்டை வெளியே விடுகிற பாகம் கண்டன்ஸர். நம் ஊர் உப்புக் காற்று அதை அரிப்பதை வாராவாரம் பார்க்கிறேன். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால், போட்ட காசு காற்றோடு போகும்.

தவளக்குப்பத்தில் டாக்ஸி ஓட்டுகிற தம்பி ஒருவர். கார்த்திகை மழையில் வண்டி நின்று நின்று ஓடுகிறதென்று வேறொரு இடத்தில் கேஸ் ஏற்றியிருக்கிறார். அப்போது வண்டியில் ஒரு குறையும் இருந்திருக்காது. மே மாதம் அரியாங்குப்பம் நெரிசலில் மாட்டியபோது ஏசியே நின்றுவிட்டது. பின் சீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மா ஒருவர். அதற்கப்புறம் தம்பி என்னிடம் வந்தார். கேஸை மெஷினில் வெளியே எடுத்து எடை போட்டேன். பானட் ஸ்டிக்கரில் 450 கிராம் என்று இருக்கிறது, உள்ளேயிருந்து வந்தது 620. வண்டி நகராதபோது கண்டன்ஸருக்குக் காற்று குறைவு, பிரஷர் ஏறுகிறது, பாதுகாப்புக்காகக் கம்ப்ரஸர் கட் ஆகிறது. தம்பி அந்த எடை மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அன்றைக்கு இழந்த சவாரிப் பணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. 450 கிராம் மட்டும் ஏற்றி அனுப்பினேன்.

இன்னொன்று. புது வண்டிகள் சிலவற்றில் இப்படி ஒட்டிப் பிரிகிற தட்டே, அதாவது கம்ப்ரஸர் கிளட்ச்சே கிடையாது. கம்ப்ரஸர் தானே அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதில் 'டக்' சத்தத்தைத் தேட வேண்டாம்.

அந்தத் தம்பி அடுத்த மழைக்காலத்தில் போன் பண்ணினார். "அண்ணே, எண்ணிப் பாத்துட்டேன். 20 செகண்ட் ஓடுது, 15 செகண்ட் நிக்குது."

"கீழே தண்ணி சொட்டுதா?"

"சொட்டுது."

"உள்ளே ஜில்லுனு இருக்கா?"

"இருக்கு அண்ணே."

"அப்ப வண்டியை எடுங்க தம்பி."

வணக்கம்.