விளம்பரதாரர் இல்லாத மேடை

அவையோர்க்கு வணக்கம். நகைச்சுவை நடிகர் ஜீரோ மாஸ்டெலுக்கு, கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தால் 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் கதவு அடைபட்டது. நாடகமேடை அவரை முழுதாகக் கைவிடவில்லை. நாடகக்காரர்களின் துணிச்சல் அதற்கு ஒரு காரணம். பணம் வந்த வழி அதைவிடப் பெரிய காரணம்.

'ரெட் சேனல்ஸ்' என்ற சிறு நூல் 1950 ஜூனில் வந்தது. வானொலி, தொலைக்காட்சித் துறையில் கம்யூனிஸ்ட் சார்புள்ளவர்கள் என்று அது சொன்ன 151 பேரின் பெயர்கள். நீதிமன்றமும் இல்லை, குற்றப்பத்திரிகையும் இல்லை. அப்போது ஒரு தொலைக்காட்சித் தொடரின் செலவு பெரும்பாலும் ஒரே விளம்பரதாரருடையது. அவர் பயந்தால் போதும், நடிகர் வெளியே. காரணம் கேட்டால் 'பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை' என்பார்கள். வழக்குப் போடப் பிடி கிடைக்காது. மாஸ்டெலின் நண்பர் பிலிப் லோப், 'தி கோல்ட்பர்க்ஸ்' தொடரை இப்படித்தான் இழந்தார். 1955 செப்டம்பரில் தற்கொலை செய்துகொண்டார்.

நியூயார்க்கின் பெரிய அரங்குகளான பிராட்வேயின் நாடகத்துக்கோ பலர் சேர்ந்து முதல் போடுவார்கள், வசூல் டிக்கெட்டில். மிரட்ட ஒரு தனி முதலாளி அங்கே இல்லை. நடிகர் சங்கமான ஈக்விட்டியும் 1951இல் இப்படி வேலை மறுக்கும் கறுப்புப் பட்டியலை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆனால் மேடைச் சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். அதையும் மறக்கக் கூடாது.

1955 அக்டோபரில், கம்யூனிஸ்ட் தொடர்புகளை விசாரித்து, பிறர் பெயர்களையும் கேட்ட அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் மாஸ்டெல் சாட்சியம் அளித்தார். 'என்னைப் பற்றிச் சொல்கிறேன், பிறரைக் கேட்காதீர்கள்' என்று ஒருவர் நிற்கலாமே என்று தோன்றும். முடியாது. தன்னைப் பற்றி வாய் திறந்தவர், அந்த விஷயத்தில் ஐந்தாம் திருத்தப் பாதுகாப்பை, அதாவது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் அரசியல் சட்ட உரிமையை, இழப்பார் என்று 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. பேச்சுரிமை தரும் முதல் திருத்தத்தை நம்பி 1947இல் அதே குழு முன் வாதாடிய 'ஹாலிவுட் பத்துப் பேர்' என்ற சினிமாக்காரர்களும் சிறைக்குப் போனார்கள். ஆகவே ஐந்தாம் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு மாஸ்டெல் யாரையும் காட்டிக்கொடுக்க மறுத்தார்.

1958இல் சிறிய அரங்கு ஒன்றில் 'யுலிசஸ் இன் நைட்டவுன்' நாடகத்தில் நாயகன் லியோபோல்ட் புளூமாக நடித்தார். இயக்கிய பர்ஜஸ் மெரிடித்தும் அதே 151 பேரில் ஒருவர்! பிராட்வேக்கு வெளியே உள்ள சிறிய அரங்குகளின் நாடகங்களுக்கான ஓபி விருது மாஸ்டெலுக்குக் கிடைத்தது.

1962இல் அவர் நடித்த இசைநாடகம் ஒன்று முன்னோட்டக் காட்சிகளில் தடுமாறியது. அதைச் சரிசெய்ய இயக்குநரும் நடன அமைப்பாளருமான ஜெரோம் ராபின்ஸை அழைக்கலாமா என்று தயாரிப்பாளர் கேட்டார். ராபின்ஸ் 1953இல் அதே குழு முன் பெயர்களைச் சொன்னவர். அவற்றுள் ஒன்று சகநடிகர் ஜாக் கில்ஃபோர்டின் மனைவியின் பெயர். மாஸ்டெல் சம்மதித்தார். தொடக்கப் பாடலை மாற்றச் சொன்னார் ராபின்ஸ், நாடகம் பிழைத்தது. 1964இல் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' நாடகத்தில் மாஸ்டெல் பால்காரர் டெவ்யேவாக நின்றபோதும் இயக்குநர் ராபின்ஸ்தான்.