பிள்ளை பெற்ற வயிற்றை இறுக்கிக் கட்டலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் துணி கட்டுவது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். பழைய பருத்திச் சேலையை நீளவாக்கில் மடித்து, அடிவயிற்றிலிருந்து மேலாகச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். கட்டாவிட்டால் காற்று புகுந்துவிடும், வயிறு தள்ளிவிடும் என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். இன்று அந்தத் துணியின் இடத்துக்கு இரண்டு பொருள்கள் வந்திருக்கின்றன. ஒன்று, மருந்துக் கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் பெல்ட்; வெல்க்ரோவால் ஒட்டிக்கொள்வது. இன்னொன்று, கைப்பேசி விளம்பரங்களில் வரும் வெயிஸ்ட் ட்ரெய்னர். லேடெக்ஸ் ரப்பரிலோ நியோபிரீனிலோ செய்து, நெடுக்காகக் கம்பிகள் கொடுத்து, முன்பக்கம் இரண்டு மூன்று வரிசை ஹூக் வைத்துத் தைத்திருப்பார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை அடுத்த வரிசை ஹூக்குக்கு மாறிக்கொண்டே போனால் இடுப்பு நிரந்தரமாகச் சிறுத்துவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். பிரசவமாகிச் சில வாரங்களே ஆன தாய்மார்கள் இதை நாளெல்லாம் போட்டுக்கொள்கிறார்கள் என்பதால்தான் இதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பலன் உண்டா என்பதை முதலில் பார்ப்போம். பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது வயிறு இன்னும் ஐந்தாறு மாதக் கர்ப்பம்போலத் தெரியும். அந்தப் பருமனில் கொழுப்பு ஒரு பங்குதான். குழந்தை பிறந்தவுடன் கர்ப்பப்பை ஏறத்தாழ 1 கிலோ எடையில், தொப்புள் உயரத்தில் இருக்கும். அதன்பின் நாளுக்கு ஒரு விரல் அகலம் என்ற கணக்கில் சுருங்கி இறங்கும். 10 முதல் 14 நாட்களில் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் போய்விடும். 6 வாரத்தில் 100 கிராமுக்குள் வந்துவிடும். இந்தச் சுருக்கத்தைச் செய்வது கர்ப்பப்பையின் சொந்தத் தசை. அதைத் தூண்டுவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். பால் கொடுக்கும்போது அடிவயிறு பிசைவதுபோல் வலிக்கிறதே, அது இந்த ஹார்மோன் வேலை செய்வதால் வருவது. வெளியிலிருந்து கட்டும் துணிக்கோ பெல்ட்டுக்கோ இதில் பங்கு கிடையாது.

அடுத்தது தசை. வயிற்றின் முன்புறம், மார்பெலும்பின் கீழ்முனையிலிருந்து அடிவயிறு வரை இரண்டு பட்டையாகத் தசை ஓடுகிறது. நடுவில் ஒரு வெண்மையான இணைப்புத் திசு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. கர்ப்பத்தில் இந்த நடுக்கோடு அகன்று மெலிகிறது. வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தலையையும் தோளையும் மட்டும் சற்றே தூக்குங்கள். அந்த நிலையில் விரல்களைக் குறுக்காக வைத்து, தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் அகலமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் தசை விலகியிருக்கிறது என்று பொருள். முதல் 8 வாரங்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும். அதற்குப் பிறகும் மிஞ்சுவதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது. பெல்ட் போட்டிருக்கும்போது இரண்டு பட்டைகளும் நெருங்கி வருவது உண்மை. கழற்றியதும் பழைய இடத்துக்கே போய்விடும்.

மிச்சம் இருப்பது கொழுப்பு. கொழுப்புச் செல்லை அழுத்தினால் நசுங்கும். உள்ளே இருப்பது தீராது. உடல் அதை எரிபொருளாகச் செலவழித்தால்தான் குறையும். அப்படிச் செலவழிக்கும்போதும் எங்கே பெல்ட் கட்டியிருக்கிறது என்று பார்த்து அந்த இடத்திலிருந்து எடுப்பதில்லை. ரப்பர் பெல்ட் போட்டு ஒரு மணி நேரம் நடந்தால் எடை இயந்திரத்தில் அரைக் கிலோ குறையக்கூடும். குறைந்தது வியர்வை. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் எடை திரும்பிவிடும். இரைப்பை நெருக்கப்படுவதால் சாப்பாடு குறைந்து இளைப்பவர்களும் உண்டு. ஆனால் பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் நாளொன்றுக்கு 600 கிலோ கலோரி கூடுதலாக வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அவளைச் சாப்பிட முடியாமல் செய்து இளைக்க வைப்பதை நான் பலன் என்று சொல்ல மாட்டேன்.

இதை முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். உடல்பருமன் உள்ளவர்களுக்கு முதலில் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். பிறகு ஒரு பிரிவினருக்கு மட்டும் மென்மையான கோர்செட், அதாவது இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை, கொடுத்து 9 மாதம் அணியச் சொன்னார்கள். ஸ்வீடனில் நடந்த இந்த ஆய்வு 2010இல் வெளியானது. இழந்த எடையைத் திரும்ப ஏறாமல் காப்பதில் கோர்செட் அணிந்த பிரிவுக்கு எந்த அனுகூலமும் கிடைக்கவில்லை. சொன்ன அளவுக்கு அதைத் தொடர்ந்து அணிந்தவர்களும் குறைவு.

சரி, பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் உண்டா? அரிசி மூட்டையை நடுவில் கயிறு போட்டு இறுக்கினால் அரிசி குறையாது; மேலும் கீழும் பிதுங்கும். வயிற்றறையும் நான்கு பக்கமும் மூடிய அறைதான். மேலே மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள், முன்னும் பக்கத்திலும் வயிற்றுத் தசைகள், பின்னால் முதுகெலும்பு. நடுவில் இறுக்கினால் உள்ளழுத்தம் கூடுகிறது. அது மேலே போகும், கீழேயும் போகும்.

மேலே போனால் முதலில் தெரிவது நெஞ்செரிச்சலும் புளியேப்பமும். இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறிவருகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஆய்வுக்கு வந்தவர்களின் இடுப்பில் பெல்ட் கட்டி அளந்து பார்த்தார்கள். மேலே ஏறிய அமிலத்தை உணவுக்குழாய் திரும்பக் கீழே தள்ளுவதும் தாமதப்பட்டது என்று 2017இல் எழுதினார்கள். அடுத்தது மூச்சு. சாதாரண மூச்சில் உதரவிதானம் ஒன்றிரண்டு செ.மீ. இறங்குகிறது, ஆழ்ந்த மூச்சில் அதைப்போலப் பல மடங்கு. கீழ் விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிகின்றன. இறுகிய கோர்செட் இந்த இரண்டையும் தடுக்கிறது. அதனால் மூச்சு மார்பின் மேற்பகுதியோடு நின்றுவிடும். கழுத்தும் தோளும் வலிக்கும். மாடிப்படி ஏறினாலே வாங்கும். 1908இல் பிரெஞ்சு மருத்துவர் லுடோவிக் ஓஃபோலோவெல் கோர்செட் அணிந்த பெண்களை எக்ஸ்-ரே எடுத்து, கீழ் விலா எலும்புகள் உள்நோக்கி ஒடுங்கியிருப்பதைக் காட்டினார். அன்று அவர் படத்தில் காட்டியதைத்தான் இன்று வேறு பெயரில் விற்கிறார்கள்.

கீழே போகும் அழுத்தம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள், சுகப்பிரசவத்தில் தாங்கமுடியாத அளவுக்கு இழுபட்டவை. சில பேருக்குக் கிழிந்து தையல் போட்டவை. சிசேரியன் ஆனவர்களுக்கும் ஒன்பது மாதச் சுமையைத் தாங்கித் தளர்ந்தவை. உடம்பிலேயே அப்போது பலவீனமான இடம் அது. அந்த நேரத்தில் இடுப்பை இறுக்கி அழுத்தத்தைக் கீழே அனுப்பினால், இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவது கூடலாம். பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி நிற்பதுபோன்ற கனம் தோன்றலாம். கர்ப்பப்பை இறக்கம் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அது தீவிரமாகலாம். வெட்கப்பட்டு வெளியே சொல்லாமலே வருடக்கணக்கில் துணி மடித்து வைத்துக்கொண்டு காலம் தள்ளும் பெண்கள் நம்மிடையே நிறைய உண்டு. அந்தக் கசிவுக்கு வைத்தியம் இருக்கிறது, நேயர்களே. அதற்கு வழிசெய்வதை விட்டுவிட்டு, தொப்பைக்காக அதை மோசமாக்கிக்கொள்ளக் கூடாது.

தொடையின் வெளிப்புறம் மரத்துப்போவது, ஊசி குத்துவதுபோல எரிவது என்று இன்னொரு தொல்லை உண்டு. தொடைத் தோலுக்குப் போகும் ஒரு நரம்பு இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் இறங்குகிறது; பெல்ட்டின் கீழ்விளிம்பு அங்கே அழுந்தினால் இப்படி வரும். கழற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நம் ஊர் வெயிலில் ரப்பருக்குள் வியர்வை தேங்கி வேர்க்குருவும் படையும் வருவது சாதாரணம். சிசேரியன் தையல்மேல் அந்த ஈரம் தங்கினால் தொற்றுக்கு இடம் கொடுக்கும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

உடல்நலமுள்ள ஒரு பெண், குழந்தை பெற்று ஓராண்டு கழித்து, ஒரு கல்யாண வரவேற்புக்குச் சேலை எடுப்பாக இருக்க இரண்டு மணி நேரம் மிதமாக இறுக்கும் உள்ளாடை போட்டால் கேடு வந்துவிடாது. நான் வேண்டாம் என்பது, பிரசவமான உடம்பில் நாளுக்கு 8 மணி, 10 மணி நேரம் கம்பி வைத்த கோர்செட்டை ஹூக் மாற்றி மாற்றி இறுக்குவதை.

முதலில் சொன்ன, மருந்துக் கடையில் கிடைக்கும் மருத்துவ பெல்ட் வேறு. சிசேரியனுக்குப் பிறகு எழுந்து நடக்க அது உதவுகிறது. தையல் இழுபடும் வலி குறைகிறது. சீக்கிரம் நடப்பது காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும் நல்லது. ஆனால் அதைப் பெரும்பாலும் தவறாகக் கட்டுகிறார்கள். கர்ப்பத்துக்கு முந்தைய இடுப்பளவை நினைத்து வாங்காமல், இப்போதைய வயிற்றின் சுற்றளவை அளந்து வாங்க வேண்டும். உள்ளே பருத்தித் துணி இருக்கட்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பெல்ட்டை முதுகுக்கு அடியில் விரியுங்கள். கீழ்விளிம்பு தையலுக்குக் கீழே வரும்படி, தையல் முழுவதையும் மூட வேண்டும். விளிம்பு தையல்மேலேயே உட்கார்ந்தால் அறுக்கும். பிறகு கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு வாருங்கள். கீழே சற்று அழுத்தமாகவும் மேலே தளர்வாகவும் இருக்க வேண்டும். மேலே இறுக்கிக் கீழே தளர்த்தினால் அழுத்தம் அடியில்தான் போய் விழும். வயிற்றை எக்கிக்கொண்டு கட்டக் கூடாது, இயல்பாக மூச்சு விட்டபடி கட்டுங்கள். கட்டி முடித்ததும் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். ஆழ்ந்து மூச்சு இழுக்க முடிய வேண்டும். ஒருமுறை இருமிப் பாருங்கள். கீழே எதுவோ தள்ளுவதுபோல் இருந்தால் தளர்த்துங்கள்.

நடக்கும்போதும் எழுந்து வேலை பார்க்கும்போதும் போடலாம். சாப்பிடும்போது, படுக்கும்போது, தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றித் தோலைத் துடைத்துக் காற்றாட விடுங்கள். வலி குறையக் குறைய நேரத்தைக் குறைத்து, 6 வாரத்தில் நிறுத்திவிடலாம். சுகப்பிரசவமானவர்களுக்கு இது கட்டாயமில்லை. அவர்களுக்கு இடுப்பு மூட்டிலோ கீழ்முதுகிலோ வலி இருந்தால், இடைக்குப் போடாமல் இடுப்பெலும்பைச் சுற்றிப் போடும் குறுகலான பெல்ட் இருக்கிறது. அதை மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் கட்டிவிடும் பருத்தித் துணியும் இதே விதிகளுக்கு உட்பட்டால் தீங்கில்லை.

இனி, தசையை மீட்கும் வேலை. முதல் நாளிலிருந்தே செய்யக்கூடியது மூச்சு. கைகளைக் கீழ் விலாவின் இருபக்கமும் வைத்து, விலா கைகளை வெளியே தள்ளும்படி மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாக விடுங்கள். ஐந்தாறு முறை போதும். சிறுநீர் வெளியேற மருத்துவமனையில் குழாய் (கதீட்டர்) வைத்திருந்தால், அதை எடுத்த பிறகு இடுப்புத்தளப் பயிற்சி. சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல் அந்தத் தசையை உள்ளே மேலே இழுத்து, முடிந்தவரை 5 விநாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு 8 முதல் 10 முறை, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். பால் கொடுக்க உட்காரும்போதே இதைச் செய்துவிடலாம். தொடையையும் பிட்டத்தையும் இறுக்குவது, மூச்சை அடக்குவது இரண்டும் வழக்கமாக நடக்கும் தவறுகள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள்.

பிறகு மூச்சை விட்டபடியே தொப்புளுக்குக் கீழுள்ள வயிற்றை முதுகெலும்பை நோக்கி மெதுவாக உள்ளிழுத்து 5 விநாடி வைப்பது. அது பழகியதும், அந்தப் பிடிப்பிலேயே ஒரு குதிகாலைப் படுக்கையில் தேய்த்து நீட்டி மடக்குவது. எந்தப் பயிற்சியிலும் வயிற்றின் நடுக்கோடு கூம்புபோல் எழும்பினால் அது இன்னும் உங்களுக்கு உரிய பயிற்சி அல்ல. இரண்டு காலையும் ஒருசேரத் தூக்குவதும், படுத்தபடி நேராக எழுந்து உட்காருவதும் அதனால்தான் தொடக்கத்தில் வேண்டாம். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். 6 வாரம் வரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். குடம் தூக்குவதை வீட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

முன்னேற்றத்தை ஹூக் வரிசையில் பார்க்காதீர்கள், டேப்பில் பாருங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. வரை சரியான அளவு. மருத்துவர் அனுமதித்த பிறகு வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை என்பதை இலக்காக வைத்து, பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

தையலில் சீழ், காய்ச்சல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 3 மாதம் பயிற்சி செய்தும் சிறுநீர்க் கசிவோ, அடியில் இறங்கிய உணர்வோ, இரண்டு விரலுக்கு மேற்பட்ட இடைவெளியோ இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, பிசியோதெரபி பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அந்தப் பிரிவு உண்டு.